செட்டு ஓரிடம், ஆள் ஓரிடம்: கடலூர்க் கரையில் தொலை ஹாம் நிலையம்

சிதம்பரத்துக்கு வெளியே ஓட்டு வீடு, கொல்லையில் நாலைந்து தென்னை, வேலிக்கு அப்பால் வயல். வீட்டுக்காரர் பிழைப்புக்காகச் சென்னை வந்து எட்டாவது மாடியில் குடியிருக்கிறார். ஹாம் ரேடியோ உரிமம் இருக்கிறது, செட்டும் இருக்கிறது. ஆன்டெனா கட்டத்தான் வழியில்லை. மொட்டைமாடிச் சாவி குடியிருப்போர் சங்கத்திடம். பால்கனியில் கம்பி இழுத்துக் கட்டினாலும், லிஃப்ட் மோட்டார், எல்.இ.டி. விளக்குகள், நூறு வீட்டுக் கைபேசி சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து கிளப்பும் இரைச்சலில் வெளியூர்க் குரல் எதுவும் காதில் விழாது. அப்படியானால் செட்டை ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் வைத்துவிட்டு, சென்னையிலிருந்து இணையம் வழியாக இயக்கினால் என்ன?

செய்யலாம். இன்றைய கருவிகளுக்கு இது பெரிய காரியமே இல்லை. ஆனால் இந்தக் கேள்வி கடலூர் மாவட்டத்தில் எழும்போது கூடவே இன்னொன்றும் எழுகிறது. 2004 சுனாமி, 2011 'தானே' புயல், 2015 வெள்ளம் என்று பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் மூன்று முறை அடி வாங்கிய கரை இது. ஹாம் ரேடியோவுக்கு அரசும் மக்களும் கொடுக்கும் மரியாதையில் பாதி, மற்ற தொடர்பெல்லாம் அறுந்த நாளில் அது பேசும் என்பதற்காகத்தான். இணையத்தை நம்பி இயங்கும் ஹாம் நிலையம் அந்த நாளில் பேசுமா? இந்தக் கட்டுரை அந்த இடத்துக்குத்தான் போய்ச் சேரவேண்டும். அதற்கு முன் கருவி, இடம், சட்டம் மூன்றையும் பார்த்துவிடலாம்.

ஹாம் என்றால் என்ன என்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. லாபம் கருதாமல், தேர்வெழுதி உரிமம் வாங்கி, தனக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் சொந்தச் செட்டை வைத்துப் பேசுபவர். இந்தியாவில் உரிமம் தருவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. பன்னிரண்டு வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். மோர்ஸ் தேர்வு இல்லாத 'ரெஸ்ட்ரிக்டட்' உரிமத்துக்குப் பொதுவாக வி.யு.3 என்றும், மோர்ஸோடு சேர்ந்த 'ஜெனரல்' உரிமத்துக்கு வி.யு.2 என்றும் தொடங்கும் கால்சைன். தமிழ்நாட்டுக்கு இதில் பழைய உறவு உண்டு. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசு வானொலி வருவதற்குப் பல வருஷம் முன்பே, ஆர்வலர்கள் கையால் நடந்த வேலை அது.

தொலைவிலிருந்து இயக்குவதும் புதிய யோசனை அல்ல. இணையம் வருவதற்கு முன்பே, மலைமேல் இருக்கும் செட்டைத் தொலைபேசிக் கம்பி வழியாகவோ வேறொரு அலைவரிசை இணைப்பு வழியாகவோ கீழேயிருந்து இயக்கியவர்கள் உண்டு. 2002இல் ஜொனாதன் டெய்லர் எழுதிய எக்கோலிங்க் மென்பொருள் வந்த பிறகு, உலகத்தின் இரண்டு மூலைகளில் உள்ள ரிப்பீட்டர் எனும் மறு அனுப்பு நிலையங்களை இணையம் சேர்த்துவைத்தது. ஆனால் எக்கோலிங்க்கில் தூரத்தைக் கடப்பது இணையம்தான். வானலை கடைசி சில கிலோமீட்டருக்கு மட்டும். நாம் பேசும் தொலை நிலையத்தில் தூரத்தைக் கடப்பது வானலை. இணையம் செய்வதெல்லாம், செட்டின் முன்பலகையை இழுத்துக்கொண்டு வந்து உங்கள் மேசையில் வைப்பது. இந்த வித்தியாசம் பிடிபடாமல்தான் 'இதற்குப் பேசாமல் வாட்ஸ்அப்பில் பேசிவிடலாமே' என்று கேலி செய்கிறார்கள்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். சிதம்பரம் வீட்டில் ஐகாம் ஐசி-7300 போல ஒரு செட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் முதுகில் ஒரே ஒரு யூ.எஸ்.பி. துளை. அதன் வழியாகவே அலைவரிசையை மாற்றும் கட்டளையும் போகும், ஒலியும் போய்வரும். அதில் உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியைச் செருகுகிறோம். சென்னையில் கைபேசித் திரையில் பேசும் பொத்தானை அழுத்தியதும், 'அனுப்பு' என்ற சிறு கட்டளை இணையத்தில் ஓடிப் பையை அடைகிறது. பை செட்டிடம் சொல்ல, செட்டுக்குள் ரிலே 'டிக்' என்று மாறுகிறது. ஆன்டெனா கேட்பதை விட்டு அனுப்பத் தயாராகிறது. பின்னாலேயே உங்கள் குரல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. அவற்றில் சில முந்தியும் சில பிந்தியும் வரும் என்பதால், பை அவற்றைக் கொஞ்ச நேரம் தேக்கிவைத்து வரிசைப்படுத்திச் செட்டுக்குள் விடுகிறது. அங்கிருந்து 100 வாட்டாகக் கம்பியில் ஏறி, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி மதுரையில் இறங்குகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிதம்பரத்திலிருந்து வானத்துக்கு ஏறி மதுரையில் இறங்க அலைக்குப் பிடிப்பது சுமார் இரண்டு மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து சிதம்பரத்துக்குத் தரைவழியாக வரும் உங்கள் குரலுக்கு, தேக்கி வைப்பதையும் சேர்த்தால், நூறிலிருந்து இருநூறு மில்லிசெகண்டாவது ஆகிவிடும். பேச்சுக்கு இது தொந்தரவில்லை. மோர்ஸுக்குத் தொந்தரவு. புள்ளியும் கோடும் கைவிரல் வேகத்தில் விழவேண்டும். காதில் தாமதமாக விழுந்தால் விரல் தடுமாறும். அதனால் விரலின் அசைவை நேரக்குறிப்போடு அனுப்பி, செட்டின் பக்கத்தில் அதை அப்படியே மறுபடி அடித்துக்கொடுக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. ஸ்வீடனின் ரிமோட்ரிக் பெட்டி அந்த வகை. எஃப்.டி.8க்கோ தாமதமே ஒரு பொருட்டல்ல. 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் கொண்டுவந்த இந்த முறையில், பதினைந்து விநாடிக்கு ஒரு முறை கணினிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. அந்தக் கணினி செட்டின் அருகிலேயே இருக்கிறது. நீங்கள் அதன் திரையை எட்டிப் பார்ப்பதோடு சரி. கணினியின் கடிகாரம் மட்டும் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்கவேண்டும்.

இணைய வேகம் போதுமா என்று கவலைப்படத் தேவையில்லை. நொடிக்கு 24 கிலோபிட் இருந்தால் ஒலி தெளிவாகப் போகும். கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு மணிக்கு சுமார் 11 மெகாபைட். கைபேசியில் ஒரு படப்பாட்டுக் காணொளி பார்க்கும் செலவுதான். உண்மையான சிக்கல் வேறிடத்தில். ஜியோ போன்ற 4ஜி இணைப்பில் உங்கள் வீட்டு ரௌட்டருக்குத் தனக்கென்று பொது ஐ.பி.வி4 முகவரி கிடைக்காது. ஒரு முகவரியைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து கதவைத் தட்ட முடியாது. செலவு செய்து நிலையான முகவரி வாங்கலாம், ஐ.பி.வி6 வழியாக வரலாம். அல்லது ஊர்ச் செட்டும் சென்னைக் கைபேசியும் நடுவில் ஒரு பொது இடத்தில் சந்திக்கும்படி வயர்கார்ட், டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். சுரங்கம் போடலாம். மூன்றாவதையே நான் சொல்வேன், பாதுகாப்புக்காகவும். ஹாம்லிப் மென்பொருளின் ரிக்சிடிஎல்டி என்ற சேவை 4532ஆம் வாயிலில் காத்திருக்கும். இயல்பான அமைப்பில் கடவுச்சொல் எதுவும் கேட்காது. அதை அப்படியே இணையத்தில் திறந்து வைத்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் கால்சைன் பேரில் உங்கள் செட்டை அலறவிடலாம். உரிமம் உங்களுடையது, பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். வானலையில் ரகசியக் குறியீட்டில் பேசுவது ஹாம்களுக்குக் கூடாது என்பது தெரிந்ததே. ஆனால் வி.பி.என். பூட்டு இணையப் பகுதிக்கு மட்டும்தான். வானத்தில் போகும் குரல் திறந்தபடியேதான் போகும்.

அடுத்தது இடம். மாவட்டத்துக்குள்ளேயே கடலூரும் சிதம்பரமும் ஆன்டெனாவுக்கு இரண்டு வேறு உலகங்கள். செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவுக்கு உப்புத்தண்ணீரைப் போன்ற தரை வேறு கிடையாது. கடற்கரை ஓரத்தில் நட்டால், அலை தாழ்ந்த கோணத்தில் கடலைத் தழுவிக்கொண்டு வெகுதூரம் போகும். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் வங்கக் கடல். அதைத் தாண்டித் தென்கிழக்காசியா, அப்பால் பசிபிக். வெளிநாட்டு நிலையங்களை வேட்டையாடுகிறவர் ஆசைப்படும் இடம். ஆனால் அதே உப்பு உலோகத்தைத் தின்றுவிடும். தேவனாம்பட்டினம் பக்கம் வெளியில் விட்ட பி.எல்.-259 கனெக்டர் ஒன்றை இரண்டு மழைக்காலம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். மேலே சுற்றிய டேப் நன்றாகத்தான் இருக்கும். திருகைத் திறந்தால் உள்ளே வெளிறிய பச்சைப் பொடி. கோஆக்சியல் கேபிளின் செப்புப் பின்னல் கறுத்துப் போயிருக்கும். மேலுறையைக் கொஞ்சம் சீவினால் அந்தக் கறுப்பு ஒரு முழத்துக்கும் மேலே ஏறியிருப்பது தெரியும். தண்ணீர் பின்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்திருக்கிறது. ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு 1.3இலிருந்து மெல்ல மெல்ல 3ஐத் தொடும். செட்டு தன்னைக் காத்துக்கொள்ள வாட்டைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். தொலைவில் இருப்பவர் 'இந்த வருஷம் அலைப்பரவல் சரியில்லை' என்று வானத்தின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருப்பார்.

சிதம்பரம் பக்கம் உப்பின் தொல்லை குறைவு. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட களிமண் பூமி. வருஷத்தில் பல மாதம் வயலில் தண்ணீர் நிற்கும். தரை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தமிழ்நாட்டுக்குள் பேசுவதற்கு இங்கே கோபுரமெல்லாம் வேண்டாம். 7 மெகாஹெர்ட்சுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி, நடுவை எட்டுப் பத்து மீட்டர் உயரத்தில் தூக்கி, இரண்டு முனைகளையும் சாய்வாகக் கீழே இழுத்துக் கட்டினால் போதும். அலை ஏறக்குறைய நேராக மேலே போய்க் குடை விரித்ததுபோல் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். பகலில் 7, இரவு முற்றினால் 3.5 மெகாஹெர்ட்ஸ். சென்னை, மதுரை, சேலம், நாகப்பட்டினம் எல்லாம் அந்தக் குடைக்குள். தென்னையைக் கம்பமாக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறும். ஒரு முனையில் கப்பி வைத்து, கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டால் மரம் ஆட ஆடக் கயிறு ஏறி இறங்கிக் கொடுக்கும்.

ஆளில்லாத செட்டில் மிக ஆபத்தான நிமிஷம், அனுப்பிக்கொண்டிருக்கும்போது இணையம் அறுந்து போவது. 'நிறுத்து' என்ற கட்டளை போய்ச் சேரவில்லை. செட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த அலைவரிசை முழுதும் அடைபட்டுப் போகிறது. செட்டின் முதுகு கொதிக்கிறது. இதற்கு ஒரு காவல் போதாது. செட்டின் சொந்த நேர வரம்பை மூன்று நிமிஷத்தில் வைக்க வேண்டும். சென்னையிலிருந்து உயிர்க்குறி வராவிட்டால் ஒரு விநாடிக்குள் பை தானே அனுப்புவதை நிறுத்த வேண்டும். இரண்டும் தவறினால் மின்சாரத்தையே துண்டிக்க வேறு வழியில் இயங்கும் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். இடிக்கும் அதே கதைதான். ஐப்பசி மாதத்து இடி எச்சரித்துவிட்டு வருவதில்லை. வீட்டில் ஆள் இருந்தால் கேபிளைக் கழற்றி வெளியே போடுவார். ஆள் இல்லாத இடத்தில், செட்டு அணைந்திருக்கும் நேரமெல்லாம் ஆன்டெனாவை ரிலே ஒன்று தரையோடு பிணைத்து வைத்திருக்க வேண்டும். நேரடி இடிக்கு எதுவும் தாங்காது என்பது வேறு விஷயம்.

சட்டத்துக்கு வருவோம். நம் அமெச்சூர் சேவை விதிகளின் அடிப்படை 1978இல் எழுதப்பட்டது. பிறகு திருத்தங்கள் வந்தாலும், அவற்றின் மனத்தில் இருக்கும் படம் ஒன்றுதான்: ஒரு முகவரி, அங்கே ஒரு செட்டு, அதன் முன்னால் உரிமம் பெற்ற ஒருவர். உரிமத்தில் நிலையத்தின் முகவரி எழுதப்பட்டிருக்கும். செட்டை நிரந்தரமாக வேறிடத்துக்குக் கொண்டு போனால் தெரிவிக்க வேண்டும். ஆகவே சென்னை முகவரியில் உரிமம் வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் செட்டை நிறுவுவதற்கு முன் டபிள்யூ.பி.சி.க்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கிவிடுவது நல்லது. வெளிநாட்டில் இருப்பவருக்கு ஒரு சொல்: செட்டு எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணின் சட்டம்தான் செல்லும். சிங்கப்பூரில் உட்கார்ந்து சிதம்பரம் செட்டை இயக்க இந்திய உரிமம் வேண்டும். சிங்கப்பூர் உரிமம் உதவாது. இன்னொன்றும் உண்டு. இது கடலோர மாவட்டம். கடலோரக் காவல் கண்கொத்திப் பாம்பாக இருக்கும் இடம். ஆளில்லாத வீட்டில் கம்பியும், இரவில் மினுங்கும் பெட்டியும் இருந்தால் ஊரார் கேட்கத்தான் செய்வார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் உரிம நகலைக் கொடுத்துவைத்து, வாசலில் கால்சைனையும் ஒட்டிவைத்தால் பாதி வம்பு தீர்ந்தது.

ஹாம்களுக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறது: இது ரேடியோதானா? விருதுகள் தரும் அமைப்புகள் இதற்குத் தெளிவான கோடு போட்டிருக்கின்றன. நூறு நாடுகளைத் தொட்டால் கிடைக்கும் டி.எக்ஸ்.சி.சி. விருதில், ஆள் எங்கே இருக்கிறார் என்பது கணக்கில்லை. செட்டு எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. சி.கியூ. உலக டி.எக்ஸ். போன்ற போட்டிகளில் அனுப்பும் கருவியும் கேட்கும் கருவியும் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். சிதம்பரத்தில் அனுப்பிவிட்டு, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்து இணைய ரிசீவரான வெப்எஸ்.டி.ஆர்.இல் பதிலைக் கேட்டுக்கொண்டால் அது அழுகுணி ஆட்டம். 2024 ஆகஸ்டில் பசிபிக்கின் ஜார்விஸ் தீவிலிருந்து ஒலித்த என்5ஜே நிலையத்தில் செட்டுகளைப் பெட்டிகளில் அடைத்துத் தீவில் வைத்தார்கள். இயக்கியவர்களில் சிலர் தீவிலேயே இல்லை. பறவைகளின் சரணாலயமான தீவில் மனிதக் காலடியைக் குறைக்க அது நல்ல வழி. அதற்கும் முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பில் அவ்வளவு உடன்பாடில்லை. கம்பியை அளந்து, சாலிடர் வைத்து, நிலையத்தைத் தானே நிறுவியவர் அதை எங்கிருந்து இயக்கினாலும் ஹாம்தான். மாதச் சந்தா கட்டி யாரோ ஒருவரின் பெரிய நிலையத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

இனிப் புயல்.

2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற கால்சைனில் ஒலித்துக்கொண்டிருந்தார்கள். அந்தமானிலிருந்து நீண்ட காலத்துக்குப் பிறகு கேட்ட ஹாம் குரல் என்பதால், உலகமே வரிசையில் நின்று அவர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி காலை நிலம் குலுங்கியது, கடல் ஏறியது. தீவுகளின் தொலைபேசி விழுந்த அந்த நேரத்தில் அவர்களுடைய செட்டு பேரிடர் நிலையமாக மாறியது. தீவுகளுக்கும் நாட்டுக்கும் இடையே செய்தி போய்வந்தது. அதே காலையில்தான் தேவனாம்பட்டினமும் சிங்காரத்தோப்பும் கிள்ளைப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டும் அழிந்தன. போர்ட் பிளேர் கதையில் நமக்குப் பாடமாவது, செட்டின் பக்கத்தில் ஆள் இருந்தார் என்பது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடி ஒளியிழைக் கேபிள் 2020இல்தான் வந்தது. இன்றைக்கு அந்தமானில் ஒரு தொலை நிலையம் வைப்பது எளிது. ஆனால் அன்றைய காலை மறுபடி வந்தால் மின்சாரமோ கேபிளின் கரையோர முனையோ போன மறுநொடி அந்த நிலையம் ஊமை.

'தானே' இன்னும் நெருக்கமான பாடம். 2011 டிசம்பர் 30 விடிகாலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒடிந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அன்று வீடுகளுக்கு ஒளியிழை வந்திருக்கவில்லை. இன்று வந்திருக்கிறது, ஆனால் எப்படி வந்திருக்கிறது என்று தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள்: பல இடங்களில் மின்வாரியக் கம்பத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் ஒன்றாகவே சாயும். கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம். பிறகு டீசல் வந்து சேர வேண்டும். டீசல் வர மரம் விழுந்த சாலை திறக்க வேண்டும்.

பேட்டரிக் கணக்கும் தொலை நிலையத்துக்கு எதிராகவே இருக்கிறது. 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரியில் பாதியை, அதாவது 50ஐ, பயமில்லாமல் எடுக்கலாம். செட்டு சும்மா கேட்டுக்கொண்டிருக்க ஏறக்குறைய 1 ஆம்பியர். இரண்டு நாள் ஓடும். அதோடு பையும் ரௌட்டரும் சேர்ந்தால் இரண்டரை ஆம்பியர். ஒரு நாள்கூடத் தாங்காது. இணையம் செத்த பிறகும் இணையத்தைத் தேடிக்கொண்டே ரௌட்டர் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் இதை வைத்துத் தொலை நிலையம் புயலுக்குப் பயனற்றது என்று முடிவு கட்டுவதும் தப்பு. எந்த முனையைத் தொலைவில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். புயலுக்குள் இருப்பவரின் குரல் 50 வாட்டில், அவசரமாகக் கட்டிய தாழ்ந்த கம்பியிலிருந்து, இடியின் கரகரப்புக்கு நடுவே வரும். அதைக் கேட்கப் புயலுக்கு வெளியே, அமைதியான இடத்தில், நல்ல காது வேண்டும். சேலம் கடலூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 175 கிலோமீட்டர்; முன்பு சொன்ன அலைக் குடைக்குள்தான் இருக்கிறது. சேலம், தருமபுரி, கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இரைச்சல் இல்லாத தொலை நிலையங்கள் நாலு இருந்தால், சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் உரிமக்காரர்கள் முறை வைத்து இருபத்துநாலு மணி நேரமும் காது கொடுக்கலாம். ஒரு இடத்தில் கேட்காத குரல் இன்னொரு இடத்தில் கேட்கும். கேட்பதற்கு மட்டும் என்றால் கிவிஎஸ்.டி.ஆர். போன்ற சிறு ரிசீவரே போதும். 30 மெகாஹெர்ட்ஸ் வரை பல பேர் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு அலைவரிசையைத் திருப்பலாம். அந்த ஊர்களில் மின்சாரமும் இணையமும் அன்றைக்கு ஒழுங்காக இருக்கும்.

புயலுக்குள்ளே, கடலூரிலும் சிதம்பரத்திலும், வேண்டியது ஆள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் 107.8 மெகாஹெர்ட்சில் தற்காலிகமாகப் பேரிடர் கால வானொலி ஒன்று ஒலித்தது. அது ஹாம் அல்ல, பண்பலை. ஆனால் அதை நடத்தியவர்கள் ஊருக்குள் உட்கார்ந்து நடத்தினார்கள் என்பதால்தான் எந்தத் தெருவில் தண்ணீர், எங்கே முகாம் என்று சொல்ல முடிந்தது.

அதற்காக ஊர்வீட்டுத் தொலை நிலையத்தை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் அது சென்னைக்காரரின் ஆசைக்கு ஓடட்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில்தான் கனெக்டர் கெட்டது தெரியும், பேட்டரி வீங்கியது தெரியும். பரணில் மூட்டை கட்டிவைத்த செட்டு புயலன்று எடுத்தால் உயிரோடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எப்படியும் ரௌட்டரை அணைத்துப் போட, அறுந்த கயிற்றைக் கட்ட, பக்கத்து வீட்டில் ஒருவரின் உதவி இல்லாமல் எந்தத் தொலை நிலையமும் ஆறு மாதம் தாண்டாது. அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் என் கணக்கில் இந்தத் திட்டத்தின் மையம். அவளுக்கோ அவனுக்கோ பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் தேர்வுக்குப் படிக்க வைக்கலாம். செட்டோடு வந்த மைக்கை எடுத்து வைத்துவிடாமல் அதன் கொக்கியிலேயே தொங்கவிட வேண்டும். பையையும் ரௌட்டரையும் ஒரே சுவிட்சில் துண்டித்து, செட்டை மட்டும் பேட்டரியில் ஓட்டும் வசதி வேண்டும். எந்த அலைவரிசையில் எத்தனை மணிக்குக் கூப்பிட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிச் செட்டின் மேலேயே ஒட்ட வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் நினைத்தால், சிதம்பரத்தைச் சுற்றி இப்படி நாலைந்து வீடுகளைத் தயார் செய்வது ஒரு பருவத்துத் திட்ட வேலைதான். பரங்கிப்பேட்டையில் அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கரையிலேயே இருக்கிறது. அங்கே ஒரு செட்டும் உரிமம் உள்ள இரண்டு பேரும் இருந்தால் கிள்ளைக்கும் முடசலோடைக்கும் நல்லது.

ஊரில் தொலை நிலையம் வைத்திருப்பவர்களுக்கும் வைக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், மெயின் சுவிட்சை இறக்கி, ரௌட்டரின் வயரைப் பிடுங்கி வையுங்கள். பிறகு நீங்கள் தொடாமல், உரிமம் வாங்கிய அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் செட்டின் முன்னால் உட்காரவைத்துச் சேலத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சரிசெய்ய இரண்டு வாரம் இருக்கிறது.